கறள் பிடிக்காத ரீல்

உள்துறைமுகத்தை ஒட்டிய தேத்தண்ணிக் கடையில் பின்னேர வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. சீலா கைபேசித் திரையில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கிறாள். ‘உப்புத்தண்ணியில கறள் பிடிக்காத தூண்டில் ரீல்’ என்று தேடினால் முதலில் வரவேண்டியது அவளும் மெல்ரோயும் சேர்ந்து நடத்தும் இணையத்தளம். அதைப் படித்து ஆட்கள் ரீல் வாங்கினால்தான் இருவருக்கும் கமிஷன். இன்று அதற்கு மேலே வேறொரு தளம் நிற்கிறது, அதே சொற்களோடு. அந்தச் சொற்கள் எந்த மென்பொருளும் தந்தவை அல்ல. இறங்குதுறையில் மீனவர்கள் துருவைக் ‘கறள்’ என்றே சொல்லிக் கடைக்காரரிடம் கேட்கிற விதத்தைக் காதில் வாங்கி அவள் சேர்த்தவை. “நீ ஆருக்கும் சொன்னனியோ?” என்று கேட்கிறாள். “நான் ஆருக்குச் சொல்லுறது?” என்கிறான் எதிரில் இருக்கும் மெல்ரோய். அவனது பிளேன்டீயில் சீனி எப்போதோ கரைந்துவிட்டது, கரண்டி இன்னும் சுற்றுகிறது. மூதூருக்குப் போகும் படகு ஊதுகிறது. அவள் அந்தத் தளத்தைத் திறக்கிறாள். படத்தில் ரீலைப் பிடித்தபடி ஒரு கை; சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. தோணியைக் கட்டிவிட்டு வந்த அவளுடைய அப்பா கிறிஸ்தோபர், நுனியில்லாத அதே விரலை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. “ஓம், என்ர கைதான். போன கிழமை மெல்ரோய் தம்பி எடுத்தவர். உங்கட புதுத் தளத்துக்கு எண்டவர்.” கரண்டி நிற்கிறது. சீலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏன் பிள்ளை,” என்கிறார் அப்பா, “வடிவாய் இல்லையோ?”