திரை முழுக்க ஒரே பேர்

"உனக்குப் பாடம் எடுக்கிற சார் பேரென்னம்மா?"

முதலாளி ராஜகுரு கேட்டதும் தங்கப்பொண்ணு எழுந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

சிம்மக்கல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பு. ரெண்டாயிரம் பிறக்கப் போகிறதென்று மதுரையே கம்ப்யூட்டர் படிக்க ஓடிய வருஷம். எங்கள் மாடிக்கு மட்டும் கூட்டம் ஏறவில்லை.

சார் கணக்குக் காட்டத்தான் ஆள் பிடித்து வந்து உட்கார வைக்கிறார், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் முழித்தால் சாருக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்.

சார் சுவரோரம் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கும் தங்கப்பொண்ணுக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒரு பேரைச் சொன்னால் மனுஷன் பிழைப்பு தப்பிக்குமே!

தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அப்போதும் தரையைத்தான் பார்த்தாள்.

ராஜகுரு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வாசல் பக்கம் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

போன வாரம் நடத்திய புரோகிராம். பேரைக் கேட்டு வாங்கி, நாம் நிறுத்தும்வரை அதையே திரையில் போட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, நோட்டைப் பார்க்காமல் எல்லா வரியும் அடித்தாள்.

கம்ப்யூட்டர் பேர் கேட்டது. அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

முத்திருளன். முத்திருளன். முத்திருளன்.

சார் பேர் திரை கொள்ளாமல் மேலே மேலே ஓடியது.

நான் கூப்பிட, ராஜகுரு திரும்பி வந்து குனிந்து பார்த்தார். வகுப்பு நடக்கட்டும் என்று சார் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தங்கப்பொண்ணு புரோகிராமை நிறுத்தவில்லை. ஓடுகிற பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் ஆசை போல.

"இதை வாயால சொன்னா முத்தா உதிர்ந்துரும்?"

"போங்கக்கா," என்று முகம் சிவந்தாள்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். சாரின் டிவிஎஸ் ஃபிஃப்டி வைகைப் பாலத்தில் ஏறியது. பின்னால் தங்கப்பொண்ணு, ஒரு கையை அவர் தோளில் போட்டு, உரிமையாய். கழுத்தில் எப்போதும் சேலைக்குள் கிடக்கும் தாலி காற்றில் வெளியே வந்து ஆடியது.

முதலாளி காதில் போட்டவன் சொன்னது முழுப் பொய் இல்லை; சார் வீட்டிலிருந்தே ஆள் பிடித்து வந்திருக்கிறார்.

அடிக் கள்ளி! முதலிலேயே சொல்லியிருந்தால் அம்புட்டு அழுத்திக் கிள்ளியிருக்க மாட்டேனே.