நடுத் துண்டு

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. பூரணி தன் சிநேகிதி டெல்சியிடம் சொல்லி, டெல்சி என்னிடம் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்த கதை என்பதால், ஒரேயொரு விஷயத்தை மட்டும் பிறகு நானே விசாரித்துக்கொண்டேன்.

இலங்கையின் தேயிலை மலையில், ஹட்டனில் ஒரு மண்டபம். துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே தைத்த போர்வைகளின் கண்காட்சி. காலையிலேயே முடிவு சொல்லிவிட்டார்கள். முதல் பரிசு பூரணியின் அம்மா நாகலெட்சுமிக்கு. பரிசு, ஒரு தையல் மெசின்.

"இனி மழையில நனைஞ்சி கொழுந்தெடுக்க வேணாம்மா. வீட்டுலயே தைக்கலாம்."

அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் காளியாயி.

"என்னடி சொல்ற? நம்ம லயத்துச் சுமனயா? காலையில வேல பிரிக்கிற பெரட்டுலயா? எல்லாரும் பாக்கவா?"

போனை வைத்தபோது அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"சுமன வேலய விட்டு நிப்பாட்டிட்டாராம் தோட்டத்துப் புது தொரை." குரல் தாழ்ந்தது. "மத்தியானம் பரிசு குடுக்க அவருதானே வர்றாரு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பரிசு வேணாம் புள்ள. போர்வய அவுத்துக்கிட்டுப் போயிருவோம்."

"என்னம்மா பேசுறீங்க? மேடையில ஏறப் பயமா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெற்றீசியா டீச்சர் திரும்பிப் பார்த்தார். போர்வைகளுக்குப் புள்ளி போட்ட நடுவர்களில் அவரும் ஒருவர். யாரோ ஒருத்தி, "டீச்சர், சேல சும்மா தூக்குது!" என்றாள்.

"நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்தது. இன்னைக்கித்தான் கட்டுறேன்" என்றார் டீச்சர். ஆனால் கண் அம்மாவின் மேலேயே இருந்தது.

அந்தப் பார்வை பூரணிக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் பரிசு டீச்சரின் தங்கைக்கு. தங்கையின் போர்வைக்கு அவர் புள்ளி போடவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும், முதல் பரிசில் ஏதாவது குறை கண்டுபிடித்தால் மெசின் யாருக்குப் போகும்?

சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போனபின், மறந்துவிட்ட குடையை எடுக்கப் பூரணி திரும்பி வந்தாள். மண்டபக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கால் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெற்றீசியா டீச்சர் தனியாக நின்றுகொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் அம்மாவின் போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் நடுத் துண்டை. அம்மா ஆசை ஆசையாக வைத்துத் தைத்த பச்சை இலையை.

கத்தலாம். ஆனால் மொண்டிசூரிப் பள்ளிக்கூடத்தில் பூரணிக்கு வேலை கிடைத்ததே டீச்சர் சொல்லித்தான். டீச்சரை எதிர்த்து ஒரு லயத்துப் பிள்ளை சொல்வதை யார் நம்புவார்கள்? குடையை எடுக்காமலேயே திரும்பிவிட்டாள்.

இரண்டு மணிக்குத் துரை வந்தார். போர்வைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அம்மாவின் போர்வைக்கு முன்னால் நின்றார். பச்சை இலையைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைப் பூப்போட்ட ஒரு நீலத் துணி.

பூரணி பயத்தை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். "சேர், அந்தப் போர்வய யாரோ..."

அம்மாவின் நகம் அவள் கையில் பதிந்தது. "ஒக்காரு! வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

துரை திரும்பினார். "என்ன?"

"ஒன்னுமில்லீங்கய்யா."

"நடுவில இது என்ன துணி?"

அந்த நீலத் துணியை அம்மாவும் அப்போதுதான் பார்க்கிறாள்.

"சேலத் துண்டு, சேர்" என்றார் பெற்றீசியா டீச்சர்.

"ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சித் தலையாட்டிவிட்டுத் துரை அடுத்த போர்வைக்குப் போனார். அம்மா மூச்சு விட்டது பூரணிக்குக் கேட்டது.

மெசின் கைக்கு வந்தது. படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் பூரணி டீச்சரை மறித்தாள்.

"நான் பாத்தேன் டீச்சர். நீங்கதான் பிரிச்சீங்க."

டீச்சர் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து மடித்த துணியொன்றை எடுத்து அவள் கையில் திணித்தார். "வீட்டுக்குப் போனதும் இத அடுப்புல போட்டுரு."

விரித்துப் பார்த்தாள். பச்சை இலை. தொட்டால் சொரசொரவென்று சாக்கு. இலைக்குக் கீழே தோட்டத்தின் பெயர், பாதி வெட்டுப்பட்டு. கொழுந்துச் சாக்கில் அடிக்கிற முத்திரை.

"பெக்டரிக்குப் பின்னுக்குக் குப்பையில கெடந்திச்சி" என்றாள் அம்மா அழுகையோடு. "எல அழகா இருக்கேன்னு வெட்டி வச்சேன். அப்ப ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. சுமன் வீட்டு வாசல்ல கெடந்ததும் இந்த மாதிரி ஒரு கிழிஞ்ச சாக்குதான் புள்ள. கால் தொடைக்கப் போட்டிருந்தான். அதுக்குத்தான் திருட்டுன்னு நிப்பாட்டியிருக்காரு."

துரைக்கு முன்னால் தான் எழுந்து நின்றது பூரணிக்கு ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட முன்னுக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்?"

"சுமன் கதை எனக்கும் வந்திச்சி. ஒங்கிட்ட சொல்லியிருந்தா ஒம் மொகமே காட்டிக் குடுத்திருக்கும்."

டெல்சி சொன்னது இவ்வளவுதான். அந்த நீலத் துணி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெற்றீசியா டீச்சர் மட்டும் தன் முந்தானையின் நுனியைக் கைக்குள் சுருட்டி மறைத்துப் பிடித்திருக்கிறார். சேலை, நீலத்தில் வெள்ளைப் பூ.