மண்ணெண்ணெய் வாடை

தக்கை கழன்றதும் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் அடித்தது.

குமட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் தள்ளிப் பிடித்து, தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வராந்தாவில், கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய துரை பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் துரை ஆறு மாதமாக அவருக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்த வெள்ளை ஒயின் இது. பெரிய சண்டைக்கு முந்தின ஜெர்மனிச் சரக்கு. ஜெர்மன்காரனோடு நாலு வருஷம் அடித்துக்கொண்டவர்கள்தான் இவர்கள். அவன் ஊர்ச் சாராயம் மட்டும் வேண்டும்.

பெயர் ரீஸ்லிங் என்று துரை சொல்லியிருந்தார். அது ஒரு திராட்சையின் பெயராம். அதில் எடுத்த இந்த ஒயினில் இனிப்பே இருக்காதாம். இனிக்காத திராட்சைச் சாற்றுக்கு இத்தனை சீராட்டு.

காப்பார் ரப்பர் தோட்டத்து இந்த பங்களாவில் நான் பதினோரு வருஷமாக பட்லர். மூடியைத் திறந்தால் வாடையை வைத்தே சரக்கின் பேரைச் சொல்வான் தம்புசாமி என்று, வருகிறவர்களிடமெல்லாம் துரையே பீற்றிக்கொள்வார். அந்த மூக்குக்கு இது யார் வேலை என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கன்னையா.

பங்களா விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன். காலில் மரம் விழுந்து நொண்டியானவன். இனி பால் வெட்டப் போக முடியாது என்று துரை இரக்கப்பட்டு இங்கே வேலை கொடுத்திருந்தார். அவன் தலைமயிரில், வேட்டியில், சோற்றுத் தட்டில்கூட அந்த நாற்றம்தான். அவன் மொண்டு கொடுத்த தண்ணீரை நான் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அவன் தொட்ட செம்பைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்ப்பேன்.

ஸ்டோரில் ஒயின் பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய் டின்னை வைக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வைத்திருப்பான். தக்கை வழியாக நாற்றம் இறங்கியிருக்கும்.

கூப்பிட்டேன். வந்து நின்றான். பாட்டிலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஓங்கி ஓர் அறை விட்டேன். அறைந்த கையை உடனே துண்டில் துடைத்தேன்.

"டின்ன அந்தப் பக்கமே கொண்டு போவலண்ணே," என்றான். "வெக்க தாங்காதுன்னு தெனம் சாக்க நனைச்சு பொட்டி மேல போட்டேன். அம்புட்டுதான்."

சாக்கு நனைத்தானாம். எரிச்சல் தலைக்கு ஏறியது. அவன் எதிரிலேயே இரண்டாவது பாட்டிலையும் திறந்தேன். அதே நாற்றம்.

"துணிய எடுத்துக்கிட்டு போயிரு," என்றேன்.

அவன் கெஞ்சவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டிப் பின்படியில் இறங்கினான்.

பங்களா வேலை போனால் இந்தத் தோட்டத்தில் அவனுக்கு வேறு வேலை கிடையாது. வேலை இல்லாதவன் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பெண்டாட்டி இராஜம்மாவுக்கு நிறைமாதம். எல்லாம் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். சரக்கு கெட்டுவிட்டது, கெடுத்தவனையும் விரட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் துரை பாட்டிலை வாங்கிவிட்டார்.

ஊற்றினார். கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டார்.

துரை கண்ணை மூடினார். பிறகு சிரித்தார். பெரிய துரையும் முகர்ந்தார், அவரும் சிரித்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவரைப்போல அத்தனை பக்தியாக ஒரு வாய் குடித்தார்.

"மண்ணெண்ண வாசம் வருது, பாத்தியா தம்பு?" என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில். "இந்தத் திராட்ச ஒயினுக்கு வயசானா அப்படித்தான். இதான் நல்ல சரக்கு."

மண்ணெண்ணெய் நாறினால் நல்ல சரக்காம். தூ.

பெரிய துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். துரை என் பக்கம் திரும்பினார். இந்த ஊர் வெக்கையில் இத்தனை மாதம் ஒயின் கெடாமல் இருந்ததே ஆச்சரியம், அதைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்கிறாராம்.

வராந்தா ஓரத்திலிருந்து பார்த்தால் லயத்துக்கு இறங்கும் மண்பாதை முழுக்கத் தெரியும். கன்னையா இன்னும் மதகைக்கூடத் தாண்டவில்லை. அந்தக் கால் அவ்வளவு வேகமாகத்தான் போகும். ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பான்.

"நான்தான் தொரை," என்றேன். "தெனம் சாக்க நனைச்சு பொட்டி மேல போட்டேன்."

துரை என் முதுகில் தட்டினார். ரொம்பச் சந்தோஷத்தில், தாம் வாய் வைத்துக் குடித்த கிளாஸையே என்னிடம் நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கினேன். கன்னையா மேல் அடிக்கிற அதே நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

துண்டு தோளில்தான் கிடந்தது. வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை. துரை பார்த்துக்கொண்டிருந்தார்.