வைக்கோல் நிறச் சாரை

“போன தடவ நீ குடுத்த நீலச் சாரை ஒருநாள்கூட வயல்ல தாங்கல, தம்பி. பருந்து தூக்கிட்டுப் போயிருச்சு. நான் எலிக்குப் பாம்பு வாங்குறேனா, பருந்துக்குச் சோறு போடுறேனா?”

“அப்ப மஞ்சள் எடுத்துக்கங்கக்கா. நெல்லு பழுத்தா தெரியாது.”

“அதுவரைக்கும் எலி நெல்ல விட்டு வைக்குமா?”

பாம்புக் கடைக்காரன் எட்வின் மற்ற பெட்டிகளைக் கைகாட்டினான். கண்ணாடிப் பெட்டிகளில் ரோஜா, வெள்ளி, மயில்நீலம் என்று பாம்புகள் மின்னின. எல்லாம் வரவேற்பறைகளுக்காக நிறம் கலந்து வளர்த்தவை. கோமளவல்லி கடைசிப் பெட்டியருகே நின்றாள்.

“இது ஏன் காலியா கெடக்கு?”

“காலியில்லக்கா. நல்லாப் பாருங்க.”

குனிந்தாள். வைக்கோலோடு வைக்கோலாக ஒரு சாரை மூச்சுவிட்டது. நிறம் கலக்காத வம்சத்தில் மிச்சமிருந்த ஒரே பெண் பாம்பு.

“இன்னைக்கு இத வெள்ளி ஆணோட சேக்கப்போறேன். குட்டியெல்லாம் பளபளன்னு வரும். இப்பவே ஆளுங்க காத்திருக்காங்க.”

பக்கத்துப் பெட்டியிலிருந்து எடுத்த ஆண் பாம்பு அவன் கையில் நெளிந்தது. மறு கையால் பெட்டியின் மூடியைத் திறந்தான். கோமளவல்லி திறப்பின்மேல் உள்ளங்கையை விரித்து மறைத்தாள்.

“வரப்பு மண்ணுலயும் காஞ்ச புல்லுலயும் இந்த நிறந்தான் பருந்து கண்ணுக்குத் தெரியாது. இதே நிறத்துல ஒரு ஆண் எங்கயாவது இருக்கும். நான் தேடிக் கொண்டாரேன். அதுவரைக்கும் மூடி வையி, தம்பி.”