கூரையில் ஒட்டாத காந்தம்

வெள்ளை வேனின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆந்தைப் படத்தைப் பார்த்ததுமே ஹார்லனுக்குக் குடித்த காப்பி கசந்தது. ஆந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று பட்டணத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்க் காட்டை அடைத்ததில், அந்த ஒரேகான் ஊரில் இரண்டு மர மில்கள் மூடிக் கிடந்தன. அங்கே ஆந்தை ஒட்டிய வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவன்கூட இரண்டு தடவை யோசிப்பான்.

வேனிலிருந்து இறங்கிய பெண், காந்தம் வைத்த ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹார்லனின் ரேடியோ கடைக்குள் வந்தாள்.

"இது கூரையில ஒட்டவே மாட்டேங்குதுங்க. கேம்ப் ரோட்டுல, வண்டிக்கு வண்டி பேசிக்கற சிபி ரேடியோ இல்லாமப் போகக்கூடாதுன்னாங்க. ரேடியோ வாங்கிட்டேன். ஆன்டெனா எது சரியா வரும்னு நீங்கதான் பாத்துக் குடுக்கணும். என்னை இங்க அனுப்பினது..."

"யாரு அனுப்பியிருப்பாங்கன்னு தெரியும்மா," என்று வெட்டினார் ஹார்லன். "எங்க லாரிங்க எத்தனை மரம் இறக்குதுன்னு எண்ணத்தானே மேல போற?"

"நான் ஏன் எண்ணப் போறேன்? காலையும் சாயங்காலமும் போய் வரணும், அவ்வளவுதான். அந்த ஆந்தை, வண்டி வாங்கும்போதே இருந்துச்சு."

"ஆமாமா, அதுவா பறந்து வந்து உக்காந்துக்கிச்சு," என்றான் மூலையில் இருந்த டுவைட். மர லாரி ஓட்டுகிறவன். லாரி பட்டறையில் கிடந்ததால் ஹார்லன் கடையில் உட்கார்ந்து வாயால் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "விக்க இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள எனக்கு வண்டி வேணும்."

ஹார்லன் வெளியே போய், ஏணி வைத்து ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார். இரும்புச் சத்தமே இல்லை. முழுக்க ஃபைபர். காந்தம் எப்படி ஒட்டும்? உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று வரிசை இருக்கைகள், எல்லாவற்றுக்கும் புது பெல்ட். ஒரு கூட்டத்தையே அள்ளிக்கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்ததும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாதாரண ஆன்டெனா அடியில் உலோகம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஃபைபர் கூரைக்கென்று தனி ரகம் உண்டு. அது அவர் கடை அலமாரியில் கண்ணுக்கு நேராகவே இருந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்த சாதாரண ரகத்தை எடுத்தார்.

"கூரை நடுவுல ஓட்டை போட்டு இதை நிறுத்தினா அசையாது. இருக்கறதுலயே உசத்தி இதான்."

"என் வண்டிக்கு இது சரியா இருக்குமா?"

"முப்பது வருஷமா இதே தொழில்தான் பண்றேன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

ஹார்லன் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது டுவைட் ஏணியருகே வந்து நின்றான்.

"என்ன அண்ணே இது, ஃபைபர்ல போய் அதை மாட்டறீங்க?"

"சத்தம் போடாத. மேல போறப்ப எதிர்ல ஒரு லோடு லாரி வந்து நின்னா, அலறியடிச்சு ஊரைப் பாக்க ஓடிருவா."

"லோடு லாரி இறக்கத்துல எங்கண்ணே நிக்கும்?"

ஹார்லன் காதில் விழாத மாதிரி திருகாணியை முடுக்கினார். மலைமேல் மரம் வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் கேம்புக்குப் போகிற அந்த ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். மரம் ஏற்றி இறங்குகிற லாரி ஒவ்வொரு மைலையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். ஏறுகிற வண்டி அதைக் கேட்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். கேட்காத வண்டியின் கதி என்ன என்று ஹார்லனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தார். வீம்பு வந்தால் மனுஷன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"பேசிப் பாரும்மா," என்றார் இறங்கி வந்து.

வேனுக்குள்ளிருந்து அவள் பேசியது கடை ரேடியோவில் கணீரென்று கேட்டது. பத்தடி தூரத்துக்கு எந்தக் கம்பியும் பேசும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் வெடுக்குன்னு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஹார்லன் ஏணியை மடக்கிக்கொண்டு கடைக்குள் போனார்.

நாலு மணி வாக்கில் ரேடியோ கரகரத்தது. "லோடு, பதினாலு. இறங்கிட்டிருக்கேன்." யாரோ லாரிக்காரன்.

"அந்த ஆந்தைக்காரி இந்நேரம் எந்த மைல்ல நடுங்கிட்டிருக்காளோ," என்று சிரித்தார் ஹார்லன். டுவைட் எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்து வந்தது ஹார்லனின் மகள் குரல். மலைமேல் கேம்பில், ஸ்கூலுக்குப் போகிற தன் மகள் டெல்லாவோடு குடியிருக்கிறாள். அங்கே போன் கிடையாது, அப்பாவிடம் பேசுவதெல்லாம் ரேடியோவில்தான்.

"அப்பா, கேக்குதா? ஸ்கூல் பஸ் டிரைவர் திடுதிப்புன்னு வேலையை விட்டுட்டாரு. புது டீச்சர் இருக்காங்களே, பாவம், இன்னியிலருந்து பிள்ளைங்களை நானே என் வண்டியில கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டாங்க. ரேடியோ விஷயத்துல எங்கப்பாவை நம்பலாம்னு நான்தான் உங்கிட்ட அனுப்பினேன். நல்லதா மாட்டிக் குடுத்தியா?"

ஹார்லனின் கை மைக்கை நோக்கிப் போய் பாதியிலேயே நின்றது.

"லோடு, பதிமூணு," என்றது லாரிக்காரன் குரல்.

"அப்பா? இருக்கியா? டெல்லா அந்த வேன்லதான்ப்பா வர்றா."