மஞ்சள் நீர்

ஊர்க் கழிவுநீரைத் தொட்டியில் தெளியவிட்டு, நாணல் படுகையில் வடித்து, வாழைக்குப் பாய்ச்சும் ஏற்பாடு 2003-இல் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஆதிமூலத்துக்கு. காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ள சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்து, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசித் தொட்டி அவருடைய வீட்டினுடையது.

மனைவி உண்ணாமலை போய்ச்சேர்ந்து ஒரு வருஷம். பிள்ளைகள் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு அந்தத் தொட்டிக்குள் மஞ்சள் கரைந்த வெந்நீர் வந்தது. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தால் குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது.

"அந்தக் குழாயை சிமெண்டு வச்சி அடச்சிடுங்கண்ணா," என்றாள் வாழைக்குத் தண்ணீர் கட்டும் மணிமொழி. "எனக்கு பயமா இருக்குது."

"அடைக்கிறதாவது! நான் உசுரோட இருக்கறப்பவே பூவும் பொட்டுமா போனவ அவ. மஞ்சள் பூசிக் குளிக்கிறா, குளிச்சிட்டுப் போறா. உன் வாழைக்கு தண்ணி ஜாஸ்தியாதானே வருது?"

அந்த வாரமே சந்தையில் ஒரு மஞ்சள் கிழங்கு வாங்கிக் குளியலறை மாடத்தில் வைத்தார். அது தேயவே இல்லை. தண்ணீர் மட்டும் மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தது.

தை மாதக் கடைசி வெள்ளியன்று மூடியைத் திறந்தார். சரியாக ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தது. ஆவி பறந்தது. மஞ்சளைக் காணோம். தொட்டியின் அடித்தளம் பளிச்சென்று தெரிந்தது.

ஆதிமூலம் மூடியை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை மெல்லத் தன் நெஞ்சின்மேல் வைத்து, துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.