கூரை நகரும் அறை

துணி உலர்த்தும் சாக்கில் தையல்காரி கண்கொத்திப் பாம்பாக மதிலோரம் நிற்கிறாள். பிழிய மறந்த சட்டை அவள் பாதத்தில் சொட்டுகிறது. மூன்று மாதமாகக் கொல்லைப்புறத்தில் திறந்தவெளியில் நின்ற தொலைநோக்கிக்குப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அறை கட்டி, இப்போது அதன் தகரக் கூரையைத் தள்ளிப் பார்க்கிறார். சக்கரங்கள் கிறீச்சிட, சாயங்கால வெயில் உள்ளே இறங்குகிறது. திறந்த கதவு வழியே தெரியும் சிமெண்ட் தூண் தொலைநோக்கியைத் தாங்கி, சுற்றிலும் தரையைத் தொடாமல் விரலளவு இடைவெளி விட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. யார் நடந்தாலும் தொலைநோக்கி ஆடக்கூடாதாம். வானத்தைப் பார்க்க இவ்வளவு ஏற்பாடா? அவள் கண் தன் மாடி ஜன்னலுக்குப் போய்த் திரும்புகிறது. "டாக்டர், அதுல எங்க வீடு தெரியுமா?" "தெரியவே தெரியாதும்மா. அதுக்குன்னே நேத்து இந்தப் பக்கச் சுவத்த ரெண்டடி ஒசத்திட்டேன்." அவர் சிரிக்கிறார். சட்டையை உதறப்போன அவள் கை அப்படியே நிற்கிறது. அப்படியானால், முந்தாநாள் வரைக்கும்?